உயிர் பிழைத்தவர்களின் திருநாள்

அன்புள்ள அம்மா,

வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்தில் ஒரு கிராமம் என் ஊர். இப்போது நியூ ஜெர்சியில் கணக்குத் தணிக்கை வேலை பார்க்கிறேன். இந்த வருடம் மார்ச் 3ஆம் தேதி, புரூக்ளினில் பரோ பார்க் என்கிற பகுதிக்கு வேலையாகப் போயிருந்தேன். யூதர்கள் நெருக்கமாக வாழும் இடம். தெருவில் இறங்கியதும் ஒன்றுமே புரியவில்லை. பிள்ளைகள் எல்லோரும் வேஷம் கட்டியிருந்தார்கள். ராணி, சிங்கம், தீயணைப்பு வீரர், தாடி ஒட்டிய குட்டித் தாத்தா. பெரியவர்கள் செலோஃபன் சுற்றிய கூடைகளோடு வீடு வீடாக ஓடிக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகலில் சில வாலிபர்கள் தள்ளாடிக்கொண்டே பாடினார்கள், யாரும் கண்டிக்கவில்லை. நான் கணக்குப் பார்க்கும் கடைக்காரர் என் கையிலும் ஒரு பெட்டியைக் கொடுத்து "ஹேப்பி பூரிம்" என்றார். உள்ளே கசகசா வைத்த முக்கோண பிஸ்கட்டும் ஒரு சின்ன பாட்டில் திராட்சைச் சாறும் இருந்தன.

எஸ்தர் கதை எனக்குப் புதிதல்ல. சண்டே ஸ்கூல் நாடகத்தில் ஆமான் வேஷம் போட்டவன் நான். ஆனால் எங்களுக்குச் சொல்லித் தந்த கதை, ஆமானைத் தூக்கில் போடுவதோடு முடிந்துவிடும். அன்று ராத்திரி புத்தகத்தை முழுதாக வாசித்தேன். 9ஆம் அதிகாரத்தில் யூதர்கள் 75,000 பேரைக் கொன்றார்கள் என்று இருக்கிறது. அதைத்தான் கொண்டாடுகிறார்களா? போதாததற்கு, பத்து அதிகாரத்திலும் கடவுள் என்ற சொல்லே இல்லை. குடிப்பதை வேறு மதமே அனுமதிக்கிறது என்கிறார்கள். இது எப்படிப் புனித நாள் ஆகும்? அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர். அவரிடம் இதையெல்லாம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. பதிலுக்கு அவருக்கு நான் ஏதாவது கொடுக்க வேண்டுமா என்றும் தெரியவில்லை.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள தம்பிக்கு,

அவரிடம் கேட்டிருந்தாலும் கோபித்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் கேட்டிருக்கும் எல்லாவற்றையும் அவர்களே ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு மேலாகத் தங்களுக்குள் கேட்டு, சண்டை போட்டு, எழுதி வைத்திருக்கிறார்கள். கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் எடுத்துக்கொள்ளாமல் என் போக்கில் போகிறேன். 75,000 பேர் விஷயத்தைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். அதைச் சொல்வதற்கு முன் மற்றவை தெரிந்திருக்க வேண்டும்.

கதை தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாக. இந்து தேசம் முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகளை ஆண்ட பாரசீக மன்னன் அகாஸ்வேரு, சூசான் அரண்மனையில் 180 நாள் விருந்து வைக்கிறான். அதற்கு மேல் இன்னும் ஏழு நாள். கடைசி நாள் போதையில், ராணி வஸ்தியின் அழகை எல்லோரும் பார்க்க வேண்டும், சபைக்கு வரச் சொல்லுங்கள் என்கிறான். அவள் வர மறுக்கிறாள், பட்டம் போகிறது. (எஸ்தரைப் பற்றிப் பேசுபவர்கள் வஸ்தியைச் சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த மறுப்பு பெரிது.) அடுத்து ராணியாவது எஸ்தர். தாய் தகப்பன் இல்லாத யூதப் பெண். வளர்த்தவர் உறவுக்காரரான மொர்தெகாய். தன் குலம் என்ன என்பதை அரண்மனையில் அவள் சொல்லவில்லை. மந்திரி ஆமானை எல்லோரும் வணங்க, மொர்தெகாய் வணங்க மறுக்கிறார். அந்த ஒருவர் மீதான கோபத்தில் யூத இனத்தையே அழிக்க ஆமான் நாள் குறிக்கிறான். குறித்தது சீட்டுப் போட்டு. பூர் என்றால் சீட்டு, திருநாளின் பெயர் அங்கிருந்து வந்தது. சீட்டு யூத நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதமான ஆதார் 13ஆம் நாளில் விழுகிறது. எஸ்தர் மூன்று நாள் உபவாசம் இருந்து, அழைக்காமல் வருபவருக்கு மரணம் என்ற சட்டத்தை மீறி, "நான் செத்தாலும் சாகிறேன்" என்று மன்னன் முன் போய் நிற்கிறாள். முடிவில் மொர்தெகாய்க்கென்று ஆமான் நட்ட 50 முழத் தூக்குமரத்தில் ஆமானே தொங்குகிறான்.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் 3ஆம் அதிகாரத்தின் முடிவு. கொலை உத்தரவு முதல் மாதத்தில் எழுதப்படுகிறது. நிறைவேற வேண்டியது பன்னிரண்டாம் மாதத்தில். அஞ்சல்காரர்கள் குதிரை ஏறி எல்லா மாகாணங்களுக்கும் கடிதம் கொண்டுபோகிறார்கள். மன்னனும் ஆமானும் உட்கார்ந்து குடிக்கிறார்கள். சூசான் நகரம் கலங்கிப்போகிறது. ஏறக்குறைய 11 மாதம்! தன்னையும் தன் பிள்ளைகளையும் எந்தத் தேதியில் கொல்வார்கள் என்று தெரிந்துகொண்டு ஒரு ஜனம் விதைக்கிறது, சமைக்கிறது, பிள்ளை பெறுகிறது. அண்டை வீட்டுக்காரனுக்கும் அந்தத் தேதி தெரியும். பூரிமின் ஆட்டபாட்டமெல்லாம் இங்கிருந்து வருகிறது என்பது என் எண்ணம். உயிர் பிழைத்தவர்களின் சந்தோஷம் அது. அதில் ஒரு கட்டுக்கடங்காத தன்மை இருக்கத்தான் செய்யும்.

எஸ்தர் கதை வரலாறா என்றால், பெரும்பாலான ஆய்வாளர்கள் இல்லை என்பார்கள். அகாஸ்வேரு என்பது கி.மு. 486 முதல் 465 வரை ஆண்ட செர்க்செஸ் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அவனுடைய ராணியின் பெயரை அமெஸ்ட்ரிஸ் என்கிறார். எஸ்தர் என்ற ராணி பாரசீகப் பதிவுகளில் இல்லை. ஆனால் பிற்காலத்தில் யூதர்கள் வாழ்ந்த ஊர்களில் இதே கதை நிஜமாகவே நடந்தது, பல முறை. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் 1614இல் வின்சென்ஸ் ஃபெட்மில்ஷ் என்பவன் தலைமையில் ஒரு கும்பல் யூதர் தெருவைச் சூறையாடி, எல்லோரையும் ஊரைவிட்டு விரட்டியது. 1616இல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதே நாளில் யூதர்கள் பேரரசின் படைவீரர்கள் துணைக்கு வர ஊருக்குத் திரும்பினார்கள். அந்த நாளை வின்ஸ் பூரிம் என்று ஃபிராங்க்ஃபர்ட் யூதர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடினார்கள். கெய்ரோவுக்கும் 1524இல் தப்பித்ததற்காக ஒரு தனி பூரிம் உண்டு. எங்கே பிழைத்தார்களோ அங்கே ஒரு பூரிம்.

எதிரிகளுக்கும் இந்த நாளின் அர்த்தம் தெரிந்திருந்தது. 1946 அக்டோபர் 16, நியூரம்பர்க். யூத வெறுப்பையே பத்திரிகையாக நடத்திய நாஜி யூலியுஸ் ஷ்ட்ரைஷர் தூக்குமேடை ஏறும்போது கத்தியது "பூரிம் விழா 1946" என்று.

ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டு, உள்ளுக்குள் யூதர்களாகவே இருந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களால் பூரிமைக் கொண்டாட முடியவில்லை. கொண்டாட்டத்துக்குச் சத்தம் வேண்டும், வெளிச்சம் வேண்டும். மதவிசாரணைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்த காலம். அதனால் அவர்கள் எஸ்தரின் உபவாசத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். உபவாசம் சத்தம் போடாது. மேரிக்குப் பக்கத்தில் "புனித எஸ்தர்" என்று சொல்லிப் பிரார்த்தித்தார்கள். தன் குலத்தை மறைத்து அரண்மனையில் வாழ்ந்த பெண்ணை அவர்களைவிட நன்றாக யார் புரிந்துகொண்டிருக்க முடியும்? இன்றும் பூரிமுக்கு முந்தின நாள் எஸ்தரின் உபவாசம் உண்டு. நீங்கள் பார்த்த கூத்துக்கு முன்னால், அந்த வீடுகளில் பெரியவர்கள் விடியலிலிருந்து இருட்டும் வரை பட்டினி கிடந்திருப்பார்கள்.

சரி, அன்று என்ன செய்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். நான்கு கடமைகள். எஸ்தர் சுருளை இரவிலும் பகலிலும் கேட்பது, உணவு அனுப்புவது, ஏழைகளுக்குக் கொடுப்பது, பகல் விருந்து. வேஷம் இந்த நான்கில் வராது. அது பிற்பாடு சேர்ந்தது, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் இத்தாலியில், அங்கிருந்த கார்னிவல் திருவிழாவின் பாதிப்பில் என்று சொல்கிறார்கள். இந்தியாவில் கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள் பூரிமை மராத்தியில் ஹோலிப் பண்டிகை என்றே அழைத்தார்கள். காலமும் பொருந்துகிறது, கலகலப்பும் பொருந்துகிறது.

சுருளைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அச்சுப் புத்தகத்தில் வாசித்தால் கடமை நிறைவேறாது. தோலில் மையால் கையெழுத்தாக எழுதிய சுருள் வேண்டும். வாசிப்பவர் அதை முழுதும் பிரித்து, கடிதம் போல மடித்து வைத்துக்கொண்டு வாசிப்பார், ஏனென்றால் அது எஸ்தரும் மொர்தெகாயும் ஊர் ஊராக அனுப்பிய கடிதம் அல்லவா. பெண்களும் கட்டாயம் கேட்க வேண்டும், அந்த அற்புதத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று, யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தால்முத் காரணம் சொல்கிறது. ஆமான் பெயர் 50 தடவைக்கு மேல் வருகிறது. ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் கையிலிருக்கும் கிலுகிலுப்பையைச் சுழற்றி, காலால் தரையை உதைத்து, பெயரே காதில் விழாதபடி செய்துவிடுவார்கள். வாசிப்பவர் நிறுத்திக் காத்திருந்து, அடங்கியதும் தொடர்வார். முன்பு இரண்டு கல்லில் ஆமான் பெயரை எழுதி, பெயர் அழியும் வரை ஒன்றோடொன்று தட்டும் வழக்கமும் இருந்தது.

இந்தக் கூச்சலுக்கு நடுவே இரண்டு இடங்கள். முதலாவது 2ஆம் அதிகாரத்தில், மொர்தெகாயின் முன்னோர் எருசலேமிலிருந்து சிறைப்பட்டுப் போனதைச் சொல்லும் வசனம். ஐரோப்பிய யூதர்களின் வழக்கப்படி, அந்த ஒரு வசனம் வந்ததும் வாசிப்பவர் மெட்டை மாற்றுவார். எருசலேம் ஆலயம் இடிந்த நாளில் புலம்பல் நூலை வாசிக்கும் மெட்டு அது. ஒரே ஒரு வசனம்தான், அடுத்த வரியில் பழைய மெட்டு வந்துவிடும். சின்னப் பிள்ளைக்குத் தெரியாது. பெரியவர்கள் கவனிப்பார்கள்.

இரண்டாவது, 9ஆம் அதிகாரத்தில் ஆமானின் பத்து மகன்களின் பெயர்கள். சுருளில் மற்ற வரிகள் பத்தியாக ஓட, இந்த இடம் மட்டும் இரண்டு ஒடுங்கிய நிரல்களாக இருக்கும். ஒரு பக்கம் பெயர்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. எதிர்ப்பக்கம் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் வரும் ஒரு குட்டிச் சொல், அதுவும் ஒன்றின் கீழ் ஒன்றாக. நடுவில் வெற்றுத் தோல். பத்துப் பெயரையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும் என்பது விதி. பத்துப் பேர் உயிரும் ஒன்றாகப் போனது என்பதற்காக என்று தால்முத் விளக்கம் தருகிறது. எதிரி பிள்ளைகளின் சாவை ரசித்து ரசித்து வாசிக்கக் கூடாது என்பதற்காக என்றும் ஒரு விளக்கம் உண்டு. எனக்கு இந்த இரண்டாவதுதான் மனதுக்கு நெருக்கம்.

குடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தால்முத்தில் மெகில்லா பகுதியில் ராவா என்ற ரபியின் (யூத மத ஆசானின்) வாக்கு இருக்கிறது. "ஆமான் சபிக்கப்பட்டவன்" என்பதற்கும் "மொர்தெகாய் ஆசீர்வதிக்கப்பட்டவர்" என்பதற்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு ஒருவர் பூரிம் அன்று குடிக்க வேண்டும் என்கிறார். அதற்கு அடுத்த வரியிலேயே ஒரு கதை. ராபா (இவர் ராவா அல்ல, வேறு ஆள்), ஸெய்ரா என்று இரண்டு ரபிகள் சேர்ந்து பூரிம் விருந்து உண்டார்கள். போதை ஏறியது. ராபா எழுந்து ஸெய்ராவின் கழுத்தை அறுத்துவிட்டார். மறுநாள் தெளிந்ததும் மன்றாடி, உயிரைத் திரும்பப் பெற்றுக் கொடுத்தார். அடுத்த வருடம் ராபா, "வாருங்கள், சேர்ந்து பூரிம் விருந்து உண்போம்" என்று அழைத்தார். ஸெய்ரா சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் அற்புதம் நடக்காது."

கட்டளையையும் அதன் ஆபத்தையும் அடுத்தடுத்து வைத்த தொகுப்பாளர் யாரோ, அவரைக் கும்பிட வேண்டும். பின்னால் வந்த சட்ட அறிஞர்கள் இதைத் தணித்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ், தூக்கம் வரும் அளவுக்குக் குடித்தால் போதும் என்றார். 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவின் மோசே இசர்லெஸ், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடக் குடித்துவிட்டுத் தூங்கிவிடுங்கள், தூங்குகிறவனுக்கு ஆமானும் மொர்தெகாயும் ஒன்றுதானே என்று வழி சொன்னார். நீங்கள் பார்த்த வாலிபர்கள் ராவா பக்கம். அங்கேயே ஸெய்ரா பக்கம் நிற்கும் தாய்மார்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு இதில் வேறு கருத்தே கிடையாது. குடி குடும்பங்களை என்ன செய்யும் என்று பார்த்து வளர்ந்தவள் நான், ஸெய்ராதான் சரி.

பூரிமின் உயிர் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், உங்கள் கைக்கு வந்த பெட்டியைக் காட்டுவேன். 9ஆம் அதிகாரத்தில், நீங்கள் அதிர்ச்சியடைந்த அந்த எண்ணிக்கையைத் தாண்டிச் சில வசனங்கள் போனால், திருநாளை எப்படிக் கொண்டாடுவது என்று மொர்தெகாய் எழுதுகிறார். விருந்து, மகிழ்ச்சி, ஒருவருக்கொருவர் உணவு அனுப்புவது, ஏழைகளுக்குத் தானம். ரபிகள் இதற்குக் கணக்கு வகுத்தார்கள். குறைந்தது ஒருவருக்காவது இரண்டு வகைத் தின்பண்டம் அனுப்ப வேண்டும். அதனால்தான் பிஸ்கட்டோடு பாட்டிலும் இருந்தது. சமைக்காமல், எடுத்த எடுப்பில் சாப்பிடக் கூடியதாக இருக்க வேண்டும். தானம் குறைந்தது இரண்டு ஏழைகளுக்கு. அதை அன்றைய விருந்துக்கு உதவும்படி அன்றே கொடுக்க வேண்டும். கை நீட்டுகிற யாரையும் "நீ உண்மையிலேயே ஏழையா" என்று விசாரிக்கக் கூடாது. மற்ற நாட்களில் விசாரிக்க இடமுண்டு, பூரிமில் இல்லை.

இன்னொரு விதி என்னை உலுக்கியது. தானம் வாங்கிப் பிழைப்பவரும் அன்று தானம் கொடுக்க வேண்டும். அவருக்கும் விலக்கு இல்லை. தால்முத்தில் அவின் என்பவரின் மகன்கள் இருவர் வருகிறார்கள், ஏழைகள் என்று உரையாசிரியர்கள் சொல்கிறார்கள். அனுப்ப வேறு ஒன்றும் இல்லாததால் இவர் சாப்பாட்டை அவருக்கும் அவர் சாப்பாட்டை இவருக்கும் மாற்றி அனுப்பிக்கொண்டார்களாம். இருவர் வீட்டிலும் உணவின் அளவு கூடவில்லை, குறையவும் இல்லை. ஆனால் இருவரும் அன்று கொடுத்தவர்கள். ஏழையை வாங்குபவனாகவே வைத்திருப்பதில் இருக்கும் அவமானத்தை இந்தச் சட்டம் தெரிந்து வைத்திருக்கிறது. நம் கொடை வழக்கங்களில் இது அபூர்வம்.

மைமோனிடிஸ் இதையெல்லாம் தொகுத்துவிட்டு, எது முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறார். விருந்தைப் பெரிதாக்குவதைவிட, நண்பர்களுக்கு அனுப்புவதைக் கூட்டுவதைவிட, ஏழைகளுக்குக் கொடுப்பதைக் கூட்டுவதே மேல், ஏழை, அநாதை, விதவை, அந்நியர் ஆகியோரின் மனதை மகிழ்விப்பதைவிடப் பெரிய மகிழ்ச்சி இல்லை என்கிறார். அந்தப் பட்டியலில் அந்நியர் இருப்பதைக் கவனியுங்கள்.

நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? கட்டாயம் எதுவும் இல்லை, அது அவர்களுக்குள் இருக்கும் கடமை. ஆசைப்பட்டால் கொடுங்கள், மகிழ்வார். அவர் உணவு விதிகளைக் கடைப்பிடிப்பவராகத்தான் இருப்பார். அதனால் நம் வீட்டு முறுக்கு, அதிரசம் வேண்டாம், சாப்பிட முடியாமல் சங்கடப்படுவார். வெட்டாத முழுப் பழங்கள், அல்லது கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்டது) என்ற முத்திரை போட்டு மூடிய பொட்டலம். அடுத்த பூரிம் 2027 மார்ச் 23, பகலிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.

இனி, கடவுள் பெயர் இல்லாதது. இது பழைய காலத்திலேயே பலருக்கு உறுத்தியிருக்கிறது. சாக்கடல் ஓரம் கும்ரானில் கிடைத்த சுருள்களில் எபிரேய வேதத்தின் மற்ற நூல்களின் பகுதிகள் ஏறத்தாழ எல்லாம் கிடைக்க, எஸ்தர் மட்டும் கிடைக்கவில்லை. கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் சும்மா இருக்க முடியாமல் எஸ்தருக்கும் மொர்தெகாய்க்கும் நீண்ட ஜெபங்களைச் சேர்த்தார்கள், கடவுளைக் கொண்டுவந்தார்கள். உங்கள் வீட்டு வேதாகமத்தில் அது இருக்காது. ஊரில் கத்தோலிக்க நண்பர்கள் வீட்டில் பொது மொழிபெயர்ப்பு இருந்தால் "எஸ்தர் (கிரேக்கம்)" என்று தனியாக இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு எபிரேய எஸ்தரே போதும். செங்கடல் பிளக்கவில்லை, வானத்திலிருந்து குரல் வரவில்லை. ஒரு மன்னனுக்கு ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை, குறிப்பேட்டை வாசிக்கச் சொல்கிறான், மொர்தெகாய் முன்பு செய்த உதவி நினைவுக்கு வருகிறது. பயந்துபோன ஒரு பெண் மூன்று நாள் பட்டினிக்குப் பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறாள். நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைக்கும் உதவி இந்த மாதிரிதான் வருகிறது, கையெழுத்துப் போடாமல்.

கடைசியாக, 75,000. இதில் நான் மழுப்ப விரும்பவில்லை.

முதலில் கதைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மன்னன் முத்திரை போட்ட உத்தரவை மன்னனே திரும்பப் பெற முடியாது. அதனால் ஆமான் செத்த பிறகும் 13ஆம் தேதி அப்படியே இருக்கிறது. இரண்டாவது உத்தரவு, தாக்க வருபவர்களை எதிர்த்து நிற்க யூதர்களுக்கு அனுமதி தருகிறது. ஆக அது தற்காப்பு என்று வாதிடலாம், பலர் வாதிடுகிறார்கள். கொள்ளையில் அவர்கள் கை வைக்கவில்லை என்று மூன்று முறை சொல்லப்படுவதையும் காட்டுவார்கள். நியாயம்தான். ஆனால் 8ஆம் அதிகாரத்தின் அந்த உத்தரவில் குழந்தைகளும் பெண்களும் உட்பட என்று எழுதியிருக்கிறது. ஆமானின் உத்தரவில் இருந்த அதே சொற்கள். சூசானில் மட்டும் இன்னும் ஒரு நாள் வேண்டும் என்று எஸ்தரே கேட்கிறாள். (மற்ற இடங்களில் ஆதார் 14ஆம் நாள் வரும் பூரிம், பழைய மதில் நகரமான எருசலேமில் ஒரு நாள் தள்ளி 15ஆம் நாள் வருவது இந்தக் கணக்கில்தான்.) தற்காப்பு என்ற ஒரு சொல்லுக்குள் இதெல்லாம் அடங்காது.

அந்த 75,000 பேர் பெரும்பாலும் வாழ்ந்தே இருக்க மாட்டார்கள். கிரேக்க மொழிபெயர்ப்பிலேயே எண்ணிக்கை 15,000ஆகக் குறைந்துவிடுகிறது. படையோ நாடோ இல்லாத ஒரு சிறுபான்மை, தன்னைக் கொல்ல வந்தவனைத் தான் திருப்பி அடிப்பதாகக் கண்ட கனவு அது. கனவு காண்பவன் கையில் ஒன்றும் இல்லாத வரை, கிலுகிலுப்பையைச் சுழற்றுவதோடும் பிஸ்கட் தின்பதோடும் அது தீர்ந்துபோனது. பழிவாங்கும் ஆசையைச் சத்தமாகவும் தின்பண்டமாகவும் தானமாகவும் மாற்றிவிட்டதுதான் ரபிகளின் சாதனை என்று நான் மதிக்கிறேன்.

கையில் துப்பாக்கி இருக்கும்போது கதை வேறு. 1994 பிப்ரவரி 25, பூரிம் காலை. ரம்ஜான் மாதமும்கூட. ஹெப்ரோன் நகரில் முன்னோர் கல்லறை இருக்கும் இப்ராஹிமி பள்ளிவாசலில் அதிகாலைத் தொழுகையில் குனிந்திருந்தவர்கள் மேல் ஒரு யூதக் குடியேறி சுட்டான். 29 பாலஸ்தீனர்கள் இறந்தார்கள். பூரிமுக்கு முந்தின ஓய்வுநாளில், இஸ்ரவேலரின் பழைய பகைவர்களான அமலேக்கியரை மறக்காதே என்ற வேதப் பகுதியை வாசிப்பார்கள். ஆமான் அந்த வம்சம் என்பது மரபு. கண் முன்னால் உயிரோடு இருக்கும் அயலானை அமலேக்கு என்று பெயரிட்டுவிட்டால், சுருளில் இருக்கும் 9ஆம் அதிகாரம் கட்டளையாகிவிடும். இது யூத மதத்துக்கு மட்டும் உள்ள ஆபத்து இல்லை. பழைய பகைவனின் பெயரை இன்றைய அண்டை வீட்டுக்காரனுக்குச் சூட்டாத மதம் எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் இன்றைய கேள்வி பூரிமைப் பற்றியது, அதனால் பூரிமிலேயே நிற்கிறேன்.

யூதர்களுக்குள் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுபவர்கள் பலர். அந்த அதிகாரத்தை விட்டுவிடலாமே என்பவர்கள் உண்டு. புலம்பல் நூலின் மெட்டை 2ஆம் அதிகாரத்தோடு நிறுத்தாமல், 9ஆம் அதிகாரத்தின் கொலை வசனங்களுக்கும் கொண்டுவர வேண்டும் என்று சொல்பவர்களும், சில சபைகளில் அப்படியே வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். நான் இவர்கள் கட்சி. விட்டுவிட்டால் நம் சண்டே ஸ்கூல் மாதிரி ஆகிவிடும். கதை 8ஆம் அதிகாரத்தில் முடிந்ததாகப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வளர்வார்கள். வாசிக்கட்டும், பிள்ளைகள் கேட்கட்டும், மெட்டு மாறுவது அவர்கள் காதிலும் விழட்டும்.

கடைக்காரரிடம் அவருடைய சபையில் அந்த வசனங்களை எப்படி வாசிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.